நஞ்சுக்கொடியை மறந்த வைத்தியம்

கர்ப்பிணிக்குச் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததுமே இப்போதெல்லாம் பேச்சு குடலுக்குப் போய்விடுகிறது. "வயித்துல நல்ல பாக்டீரியா கொறஞ்சிருக்கும், அதான்" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். யூடியூபில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் அதையே படம் வரைந்து விளக்குகிறார். ப்ரீபயாடிக் நார்ப்பொடி தினம் ஒரு கரண்டி, கூடவே ப்ரோபயாடிக் காப்ஸ்யூல் ஒன்று. குடல் சரியானால் சர்க்கரை தானே இறங்கும், ஊசிக்கு அவசரம் வேண்டாம் என்கிறார். படித்த குடும்பங்களில் இது இன்று ஏறக்குறைய பொது அறிவாகவே ஆகிவிட்டது. இது தவறு என்பதே என் வாதம். உண்மையான அறிவியலில் கொஞ்சத்தை எடுத்து அதன்மேல் ஆதாரமில்லாத வைத்தியம் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். அதற்கான விலையைக் கொடுப்பது வயிற்றில் இருக்கும் பிள்ளை.

எதிர்த்தரப்பு சொல்வதை முதலில் அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். நார்ச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அவை குடல் சுவரின் சில செல்களைத் தூண்ட, ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. அந்த ஹார்மோன் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்கிறது. இவை அத்தனையும் ஆய்வகத்தில் நிரூபணமானவை, மறுப்பதற்கு எதுவுமில்லை. ஆனால் ஒவ்வொரு படியும் உண்மை என்பதாலேயே கடைசியில் கிடைக்கும் பலன் எவ்வளவு என்பது தெரிந்துவிடாது. ஏழாம் மாதக் கர்ப்பிணியின் உடலில் சர்க்கரையை ஏற்றும் விசை எங்கிருந்து வருகிறது, அதற்கு முன்னால் இந்தப் பலன் எத்தனை பெரியது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை.

அந்த விசை நஞ்சுக்கொடியிலிருந்து வருகிறது. நஞ்சுக்கொடி வளர வளர அது சுரக்கும் ஹார்மோன்கள், முக்கியமாக லாக்டோஜெனும் வளர்ச்சி ஹார்மோனும், தாயின் தசைகள் இன்சுலினுக்குப் பணிவதைத் தடுக்கின்றன. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இன்சுலினுக்கு உடல் காட்டும் இணக்கம் பாதிக்கும் மேல் குறைந்துவிடுகிறது. இது நோயில்லை. தாய் தன் சர்க்கரையைத் தானே எரித்துவிடாமல் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்க உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நடப்பது. பெரும்பாலான பெண்களின் கணையம் இரண்டு, இரண்டரை மடங்கு இன்சுலின் சுரந்து இதை ஈடுகட்டுகிறது. அப்படி ஈடுகட்ட முடியாத கணையம் உள்ளவருக்குத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் வருகிறது. அந்த முடியாமையில் பரம்பரைக்குப் பங்கு உண்டு, வயதுக்கு உண்டு, உடல் எடைக்கு உண்டு. அந்தப் பெண்ணே தன் தாயின் வயிற்றில் எப்படி வளர்ந்தாள் என்பதற்கும் பங்கு உண்டு.

பிரசவ வார்டில் ஒரு நாள் இருந்து பார்ப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவைப்படாது. முந்தின நாள் வரை வேளா வேளைக்கு இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர் பிள்ளை பெறுகிறார். நஞ்சுக்கொடி வெளியே வருகிறது. பெரும்பாலானவர்களுக்கு அன்றே ஊசி தேவைப்படாமல் போய்விடுகிறது. அந்தச் சில மணி நேரத்தில் அவர் குடலில் என்ன மாறியது? பெரிதாக எதுவும் இல்லை. நேற்றிருந்த பாக்டீரியாக்கள்தான் இன்றும் இருக்கின்றன. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் காணப்படும் குடல் பாக்டீரியா மாற்றம் பிரசவமாகி ஒரு மாதம் கழித்தும் நீடிப்பதை, குடல் தரப்பினர் அடிக்கடி மேற்கோள் காட்டும் ஆய்வே பதிவு செய்திருக்கிறது. பாக்டீரியாதான் நோய்க்கு மூலம் என்றால், அது அப்படியே இருக்கும்போது சர்க்கரை எப்படி இறங்கியது?

அந்த ஆய்வைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த நம்பிக்கையின் வேர் அங்கேதான் இருக்கிறது. 2012-ல் ஓம்ரி கோரென், ரூத் லே ஆகியோரின் குழு 91 ஃபின்லாந்துப் பெண்களின் மலத்தை ஆராய்ந்து 'செல்' இதழில் வெளியிட்டது. முதல் மூன்று மாதத்துக்கும் கடைசி மூன்று மாதத்துக்கும் இடையில் பாக்டீரியாக் கூட்டம் பெரிதும் மாறியிருந்தது. கடைசி மாத மலத்தைக் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குள் செலுத்தியபோது அவை அதிகம் கொழுத்தன, இன்சுலினுக்கு அவற்றின் உடல் இணங்குவதும் குறைந்தது. அருமையான ஆய்வு. ஆனால் அதிலிருந்து நார்ப்பொடிக்கு எப்படித் தாவுவது? அந்த மாற்றம் நோயுள்ளவர்களுக்கு மட்டும் வந்ததில்லை, ஆரோக்கியமான கர்ப்பிணிகளிடமும் காணப்பட்டது. எலிகள் கருவுற்றவையும் அல்ல. 2015-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று கர்ப்பிணிகளை வாராவாரம் தொடர்ந்து பார்த்தபோது, கர்ப்பகாலம் முழுதும் குடல் பாக்டீரியாக்கள் பெரிய மாற்றமின்றி நிலையாகவே இருந்ததாக எழுதியது. கோரெனின் குழுவே 2023-ல், நோய் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல மாதங்கள் முன்பே சில பெண்களின் குடல் பாக்டீரியாவில் வேறுபாடு தெரிகிறது என்று காட்டியது. நாளை ஒரு பரிசோதனை முறைக்கு அது வழிகாட்டலாம். அப்படி நடந்தால் முதலில் மகிழ்பவர்களில் நானும் இருப்பேன். ஆனால் யாருக்கு நோய் வரலாம் என்று முன்கூட்டிச் சொல்லும் ஓர் அடையாளம் கிடைப்பது வேறு, நோயைத் தீர்க்கும் மருந்து கிடைப்பது வேறு.

மருந்தா இல்லையா என்பதைத் தீர்மானிக்க ஒரே வழிதான் உண்டு. ஒரு பாதிப் பெண்களுக்கு அதைக் கொடுத்து, மறுபாதிக்கு அதைப் போலவே இருக்கும் வெற்று மாத்திரையைக் கொடுத்து, முடிவை எண்ணிப் பார்க்க வேண்டும். அதையும் செய்துபார்த்துவிட்டார்கள்.

ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் 256 பெண்களிடம் நடந்த சோதனை 2010-ல் வெளியானது. உணவு ஆலோசனையோடு ப்ரோபயாடிக்கும் பெற்றவர்களில் 13 விழுக்காட்டினருக்கு மட்டுமே நோய் வந்தது, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 36 விழுக்காட்டினருக்கு வந்தது. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. 2017-ல் நியூசிலாந்திலிருந்தும் நம்பிக்கை தரும் முடிவு ஒன்று வந்தது, ஆனால் அது குழந்தைகளின் தோல் அழற்சியைத் தடுக்க முடியுமா என்று பார்க்க வடிவமைத்த சோதனை. சர்க்கரை அதில் துணைக் கேள்விதான். பிறகு இந்தக் கேள்வியையே முதன்மையாக வைத்துப் பெரிய சோதனைகள் நடந்தன. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் எடை கூடிய 411 பெண்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 2019-ல் வந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 12.3 விழுக்காட்டினருக்கும், ப்ரோபயாடிக் பெற்றவர்களில் 18.4 விழுக்காட்டினருக்கும் நோய். வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்று புள்ளியியல் சொல்கிறது. ஆனால் நன்மை என்று எந்தக் கணக்கிலும் சொல்ல முடியாது. அதே ஆண்டில் துர்க்கு ஆய்வாளர்களே, இம்முறை எடை கூடிய 439 பெண்களிடம், மீன் எண்ணெயையும் ப்ரோபயாடிக்கையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். பலனில்லை. முதல் வெற்றி வந்த அதே ஊரில்தான் இந்த முடிவும் வந்தது. டப்ளினில் ஏற்கெனவே நோய் வந்த பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோதும் சர்க்கரைக் கட்டுப்பாட்டில் மாற்றமில்லை.

இதோடு நின்றிருந்தால் 'கெடுதல் இல்லையே, குடிக்கட்டுமே' என்று விட்டிருக்கலாம். 2021-ல் காக்ரேன் அமைப்பு இந்தச் சோதனைகளைத் திரட்டி எடைபோட்டது. நோயைத் தடுக்கிறதா என்பதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் ப்ரீஎக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் எகிறித் தாயையும் பிள்ளையையும் ஆபத்தில் தள்ளும் அந்தச் சிக்கல், ப்ரோபயாடிக் எடுத்தவர்களுக்குக் கிட்டத்தட்ட 85 விழுக்காடு கூடுதலாக வந்திருந்தது. அந்த முடிவின் நம்பகத்தை மதிப்பாய்வாளர்கள் 'உயர்ந்தது' என்றே குறித்தார்கள். இந்தச் செய்தி காணொளிகளில் வருவதில்லை. காப்ஸ்யூலை 'இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது' என்று கர்ப்பிணியின் கையில் கொடுப்பவர்கள் இதைத் தெரிந்து மறைக்கிறார்களா, தெரியாமலே கொடுக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. இரண்டுமே மன்னிக்க முடியாதவை.

'அது பாக்டீரியாவை வெளியிலிருந்து கொடுப்பது. நாங்கள் சொல்வது உள்ளே இருக்கும் பாக்டீரியாவுக்குத் தீனி போடும் நார்' என்று இங்கே ஒரு மறுப்பு வரும். நியாயமான மறுப்பு. ப்ரோபயாடிக் சோதனைகளின் முடிவை ப்ரீபயாடிக்கின் தலையில் நான் கட்டவில்லை. ஆனால் அதன் பெயரில் காட்டப்படும் ஆதாரம் இன்னும் மெலிந்தது. சின்னச் சின்னச் சோதனைகள், சில வாரங்கள், ரத்தத்தில் ஏதோ ஓர் அளவு கொஞ்சம் நகர்ந்தது என்ற அளவில்தான் அது நிற்கிறது. பிள்ளையின் எடை, பிரசவத்தின் சிக்கல் என்று தாய்க்கு முக்கியமானவற்றை இந்தப் பொடி மாற்றும் என்று காட்டிய பெரிய சோதனை எதையும் பொடி விற்பவர்கள் எடுத்துக் காட்டுவதில்லை.

அப்படியானால் நார்ச்சத்தே வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். என் கோபமே அந்த இடத்தில்தான். நார்ச்சத்தின் நல்ல பெயரை எடுத்து ஒரு டப்பாவின் மேல் ஒட்டிவிட்டார்கள். அமெரிக்காவில் 13,110 செவிலியர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு 2006-ல் வெளியானது. கர்ப்பத்துக்கு முன் நாளொன்றுக்குப் பத்து கிராம் நார் கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு 26 விழுக்காடு குறைவாக இருந்தது. அது தானியத்திலும் பழத்திலும் இருந்த நார், கர்ப்பத்துக்கு முன்பே சாப்பாட்டில் பழகிப்போன நார். ஏழாம் மாதத்தில் திடீரென்று தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் பொடிக்கு இந்த எண்ணைச் சான்றாகக் காட்டுவது படிக்கத் தெரியாதவர் செய்வது, அல்லது படித்தவர் செய்யும் ஏமாற்று.

சாப்பாட்டில் இருக்கும் நார் சர்க்கரையைக் குறைப்பதற்குப் பாக்டீரியாவின் தயவு பெரிதும் தேவையுமில்லை. இசப்கோலைத் தண்ணீரில் போட்டால் சில நிமிடங்களில் குழகுழவென்று ஆகிறது. வயிற்றுக்குள்ளும் அப்படித்தான். இரைப்பை காலியாவது மெதுவாகிறது, சோற்றின் சர்க்கரை குடல் சுவரைத் தொடுவது தாமதமாகிறது, சாப்பாட்டுக்குப் பின் எகிறும் அளவு தணிகிறது. சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கு நல்ல சான்றுள்ள நார்களில் இதுவும் ஒன்று, ஆனால் இதைக் குடல் பாக்டீரியாக்கள் அவ்வளவாகத் தொடுவதே இல்லை. மாறாக, ப்ரீபயாடிக் பொடிகளில் அதிகம் சேர்க்கப்படும் இனுலின் பாக்டீரியாவுக்குப் பிடித்த உணவு, ஆனால் அதற்கு இந்தக் குழகுழப்பு கிடையாது. அளவு கூடினால் வயிறு உப்பும், வாயு சேரும். கர்ப்பிணிக்கு ஏற்கெனவே அந்தத் தொல்லைகள் போதும். குடல் கோட்பாடு முழு உண்மையாக இருந்தால், பாக்டீரியா தொடாத நார் பயனற்றதாகவும் பாக்டீரியா விரும்பும் நார் சிறந்ததாகவும் இருக்க வேண்டும். நடப்பது அப்படி இல்லை.

நம் மதியத் தட்டைப் பாருங்கள். குவித்த வெள்ளைச் சோறு, நடுவில் குழி பறித்துச் சாம்பார், ஓரத்தில் இரண்டு விரலால் அள்ளிவிடக்கூடிய பொரியல். அடுத்து ரசத்துக்குச் சோறு, மோருக்குச் சோறு. 'ரெண்டு உயிர்' என்று இன்னொரு கரண்டி. இந்தத் தட்டை அப்படியே விட்டுவிட்டு, அதன்பின் ஒரு கரண்டி நார்ப்பொடி குடித்துச் சர்க்கரையைச் சரிசெய்வது நடக்காத காரியம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி, நூறு கிராம் தீட்டிய அரிசியில் நார் மூன்று கிராமுக்கும் குறைவு. கம்பில் பதினொன்றுக்கு மேல், முழுப் பாசிப்பயறில் பதினேழு, முருங்கைக் கீரையில் எட்டு, கொய்யாவில் எட்டுக்கு மேல். ஒரு நடுத்தரக் கொய்யாப்பழத்தில் இருக்கும் நார், பொடி ஒரு கரண்டியில் கிடைப்பதைவிட அதிகம். ஆனால் வீடுகளில் என்ன நடக்கிறது? 'சர்க்கரை வந்துடுச்சு, பழம் தொடாதே' என்று கொய்யாவைப் பிடுங்கிவிட்டுப் பொடியை வாங்கிக் கொடுக்கிறார்கள். நார் எண்ணிக்கையை மட்டும் பார்த்தும் ஏமாறக் கூடாது. கேழ்வரகில் நார் நிறைய, ஆனால் மாவாக்கிக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை வேகமாகத்தான் ஏறும். சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கூட்டும் கீரையும் சுண்டலும் வைத்து, காயைச் சோற்றுக்கு முன்னால் சாப்பிட்டு, பிறகு பதினைந்து நிமிடம் நடந்தால் வரும் மாற்றத்தை இரண்டு மணி நேரம் கழித்து விரல் நுனி ரத்தத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

சத்துமாவு, ஊட்டச்சத்துப் பானம் என்ற பெயரில் விற்கும் டப்பாக்களின் பின்புறத்தையும் படிக்க வேண்டும். முன்புறம் 'நார்ச்சத்து' என்று பெரிய எழுத்தில் இருக்கும். பின்புறப் பட்டியலின் தொடக்கத்திலேயே மால்டோடெக்ஸ்ட்ரின் இருந்தால், அது ரத்தத்தில் குளுக்கோஸைப் போலவே விரைவாகச் சர்க்கரையை ஏற்றும் மாவுப்பொருள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பணம் போவதைவிடப் பெரிய இழப்பு, நாள் போவது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை காலை, நீண்ட பெஞ்சில் கர்ப்பிணிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துச் செவிலியர் கொடுக்கிறார். குமட்டிக்கொண்டு குடிக்கிறார்கள். அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் திரும்ப வர வேண்டும். குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் 140-ஐத் தொட்டால் நோய் உறுதி. வெறும் வயிற்றில்தான் வர வேண்டும் என்ற நிபந்தனை இல்லாத இந்த முறைக்காகச் சென்னையில் வாதாடி, அதை நாட்டுக்கே நடைமுறையாக்க உழைத்தவர் டாக்டர் வி. சேஷய்யா. தமிழ்நாட்டில் அவர் குழு எடுத்து 2008-ல் வெளியிட்ட கணக்கில் நகரத்துக் கர்ப்பிணிகளில் 17.8 விழுக்காட்டினருக்கும் கிராமத்தில் 9.9 விழுக்காட்டினருக்கும் இந்த நோய் இருந்தது. இப்படி ஒருவருக்கு 26-ஆம் வாரத்தில் நோய் தெரிகிறது என்று வையுங்கள். பிரசவத்துக்கு மிச்சம் ஏறக்குறைய பதினான்கு வாரம். 'ஒரு மாசம் பொடி குடிச்சுப் பாப்போம்' என்றால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிற்று. தாயின் இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டாது, தாயின் சர்க்கரை தாண்டும். அந்தச் சர்க்கரையைச் சமாளிக்கப் பிள்ளையின் சின்னக் கணையம் தன் இன்சுலினைக் கூட்டிச் சுரக்கிறது, பிள்ளை கொழுக்கிறது, பிறந்ததும் அதற்குச் சர்க்கரை அபாயகரமாக இறங்குகிறது. நம் தேசிய வழிகாட்டி உணவுமுறைக்கு இரண்டு வாரம்தான் கொடுக்கிறது. அதன்பின்னும் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே வராவிட்டால் மருந்து தொடங்கச் சொல்கிறது. அந்த அவசரத்துக்குக் காரணம் இதுதான்.

மருந்து என்றதும் ஊசிப் பயம் வருகிறது. 'இன்சுலின் ஆரம்பிச்சா வாழ்நாள் முழுக்க' என்ற பேச்சு இந்த நோயில் பொய். பெரும்பாலானவர்களுக்குப் பிரசவத்தோடு அது நின்றுவிடுகிறது. 2005-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் ஆயிரம் பெண்கள் இருந்தார்கள். உணவு ஆலோசனை, வீட்டில் சர்க்கரை பார்ப்பது, தேவைப்பட்டால் இன்சுலின் என்ற சாதாரணச் சிகிச்சையில், குழந்தைக்கு வரும் மரணம், தோள் சிக்குதல், எலும்பு முறிவு போன்ற பெரிய ஆபத்துகள் நான்கு விழுக்காட்டிலிருந்து ஒன்றாக இறங்கின. எந்தப் பொடிக்கும் இப்படி ஒரு கணக்கு இல்லை.

இந்தக் குடல் பேச்சில் என்னை அதிகம் புண்படுத்துவது இன்னொன்று. முன்பு 'நீ இனிப்பு தின்னே, அதான்' என்று மாமியார் சொன்னார். இப்போது 'உன் குடலை நீயே கெடுத்துக்கிட்ட' என்று அதே பழி புதுச் சொல்லில் வருகிறது. ஆன்டிபயாடிக் எடுத்தாய், வெளிச்சாப்பாடு சாப்பிட்டாய், தயிர் சாப்பிடவில்லை என்று குற்றப் பட்டியல் நீள்கிறது. தன் நஞ்சுக்கொடி செய்வதற்கும் தன் கணையத்தால் முடியாததற்கும் ஒரு பெண் குற்றவாளியாக நிற்க வேண்டியதில்லை.

குடல் ஆய்வுகள் நடக்கட்டும். அவை முடியும்வரை இன்று கையில் இருக்கும் சிகிச்சையை விட்டுவிடாதீர்கள். பொடிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு குளுக்கோமீட்டரும் அதற்கான பட்டைகளும் வாங்கிக் கொடுங்கள். கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்தவருக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு. அதைக் கண்டுபிடிக்கப் பிரசவமாகி ஆறாவது வாரம் தாய்க்கு ஒரு குளுக்கோஸ் பரிசோதனை செய்ய வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அதை மறந்துவிடுகிறார்கள். பிள்ளைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போட எப்படியும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவீர்கள். அன்றைக்குத் தாய்க்கும் அந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.